படப்புத்தக ஓவியர் ஆக்குகிறோம் என்று சொல்லி 34,500 ரூபாய் பறித்துவிட்டார்கள். பணம் கட்டும் முன் படியுங்கள்

34,500 ரூபாய். திருப்பூரில் பனியன் பிரிண்டிங் யூனிட்டில் டிசைனராக இருக்கும் எனக்கு இது தீபாவளி போனஸும் சீட்டுப் பணமும் சேர்ந்த தொகை. இன்று காலை "பணம் திருப்பித் தரும் பாலிசி கிடையாது" என்று கடைசிப் பதில் வந்துவிட்டது. அதே விளம்பரம் இப்போதும் என் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஆத்திரம் ஆறும் முன்பே எழுதுகிறேன்.

அது ஒரு ஆன்லைன் பயிற்சித் தளம். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. குழந்தைகளுக்கான படப்புத்தக ஓவியர் ஆகலாம், பயிற்சி முடிந்ததும் பதிப்பகத்தில் முதல் புத்தகம் உறுதி என்பதுதான் அவர்கள் வாக்குறுதி.

குழந்தைகள் டி-சர்ட்டுக்குக் கரடியும் டைனோசரும் வரைந்து பழகிய கை என்னுடையது. ஆனால் டி-சர்ட்டுக்கு ஒரு படம் போதும். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம் (தாளை 16 பக்கமாக மடித்து அச்சடிப்பதால் வரும் கணக்கு). முதல் பக்கத்தில் வந்த ஆடு கடைசிப் பக்கம் வரை அதே ஆடாக இருக்க வேண்டும், முதுகைக் காட்டி நின்றாலும், மழையில் நனைந்தாலும், தூங்கினாலும். முகம் புத்தகத்தின் நடு மடிப்பில் போய் மாட்டக் கூடாது. கதை வரிகளுக்கு இடம் விட்டு வரைய வேண்டும். இதையெல்லாம் உட்கார்ந்து சொல்லித்தர எங்கள் ஊரில் ஆள் இல்லை.

பணம் கட்டும் முன் ஒரு வீடியோ கால். பேசியவர் "மென்ட்டார்". டிவிஎஸ் 50-இல் முன்னால் நிற்கும் வெள்ளாடு ஒன்றை வரைந்து அனுப்பியிருந்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஆட்டோட கண்மணி வட்டமா இல்லாம குறுக்கா இருக்கும், அதைக் கவனிச்சு வரைஞ்சிருக்கீங்களே சிஸ்டர்" என்றார். இத்தனை வருட வேலையில் என் படத்தை அப்படி உற்றுப் பார்த்து யாரும் பேசியதில்லை. ஆட்டின் கண்ணைப் பார்க்கத் தெரிந்தவருக்குத் தொழில் தெரியும் என்று நம்பினேன். அன்றிரவே ஜிபே-யில் 34,500 போய்விட்டது. அந்த மென்ட்டாரை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

வந்தது பழைய வீடியோக்கள். அதில் பாதி, ஆப்பில் பிரஷ் எப்படி மாற்றுவது என்பதுதான். 300 டிபிஐ (படத்தின் துல்லிய அளவு), சிஎம்ஒய்கே (அச்சுக்கான வண்ண முறை), ஓரம் வெட்ட 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது எல்லாம் பிரிண்டிங் யூனிட்டில் இருக்கும் எனக்கு ஏற்கெனவே அத்துப்படி. சரி, மாதிரிப் புத்தகத்துக்காவது உருப்படியாக ஏதாவது சொல்வார்கள் என்று ஏ4 தாள்களை மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, ஆட்டுக் கதை முழுவதையும் பென்சிலில் வரைந்து ஸ்கேன் செய்து அனுப்பினேன். பதில் வந்தது: "கலர் காம்பினேஷன் சூப்பர்!" அது பென்சில் படம். அதில் கலரே கிடையாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. "எங்கள் மாணவர் படைப்புகள்" என்று அவர்கள் காட்டிய படங்களில் சிலவற்றை, குழந்தைகள் கதைகளை இலவசமாகப் படிக்கத் தரும் ஸ்டோரிவீவர் தளத்தில் வேறு ஓவியர்களின் பெயரோடு பார்த்தேன். அங்கே இருப்பவை பெரும்பாலும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் உள்ளவைதான், ஆனால் வரைந்தவர் பெயரைப் போட்டாக வேண்டும். இவர்கள் பெயரை வெட்டிவிட்டுத் தங்கள் முத்திரையைக் குத்தியிருக்கிறார்கள். அந்த ஓவியர்களுக்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

உறுதி என்ற புத்தகம் என்ன ஆனது? என் படங்களை பிடிஎஃப் ஆக்கி, யார் வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய மின்னூல் கடையில் போடுவார்களாம். அச்சில் வேண்டுமென்றால் மேலும் 12,000 கட்ட வேண்டுமாம். 34,500 வாங்கியது போதாதா?

கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு பதில். "டீம் பார்த்துட்டு இருக்காங்க." "மேடம் ட்ராவல்ல இருக்காங்க." "கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் போட்டாச்சு சிஸ்டர், வெயிட் பண்ணுங்க." வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன், அடுத்த நிமிடம் அட்மின் மட்டுமே எழுத முடியும் என்று மாற்றிவிட்டார்கள். போன் செய்தால், என் படங்கள் இன்னும் "பதிப்பகத் தரத்துக்கு" வரவில்லை என்று போனை எடுக்கும் பெண் சொல்கிறார். எந்தப் பதிப்பகம் என்று கேட்டால் லைன் கட்.

இந்தத் துறைக்குள் எப்படி நுழைவது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போதைக்கு இதை மட்டும் மனதில் வையுங்கள். பதிப்பகம்தான் ஓவியருக்குப் பணம் தரும், கட்டணமாகவோ ராயல்டியாகவோ. ஓவியரிடம் பணம் கேட்பவர் பதிப்பாளரே இல்லை. சென்னையிலேயே தூலிகா, தாரா புக்ஸ் இருக்கிறார்கள், டெல்லியில் நேஷனல் புக் டிரஸ்ட் இருக்கிறது. யாராவது அவர்கள் பெயரைச் சொல்லி "டை-அப்" என்றால், நேராக அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள்.

"பயிற்சியில் வரையும் எல்லாப் படங்களின் உரிமையும் எங்களுக்கே" என்று ஒரு வரி இவர்களின் விதிமுறையில் இருக்கிறது. அப்படி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் அது கைமாறும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால் 5 ஆண்டுதான்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், அப்படியே வங்கிக்கும் சொல்லுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. சாட், ரசீது, விளம்பரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என் குழுவில் பழைய மெசேஜ்களை அழிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

புதிய பேட்ச் திங்கட்கிழமை தொடங்குகிறதாம். ஆட்டுக் கண்ணைப் பாராட்டிய அதே குரல் உங்களோடும் பேசியிருந்தால், அதே தொகையைக் கேட்டிருந்தால், கமெண்ட்டில் சொல்லுங்கள். சேர்ந்து புகார் கொடுப்போம்.