டிஸ்க் கழலவில்லை என்று சம்மட்டி தூக்கும் பட்டறை: சேலத்தில் எனக்கு நடந்தது

பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, அதைப் பிடித்து நிறுத்தும் பேட்), அந்த டிஸ்க்குக்கு உள்ளேயே ஹேண்ட்பிரேக் ஷூவும் (விரிந்து உட்சுவரை அழுத்தும் வளைந்த கட்டை) இருக்கிற பழைய கார் வைத்திருப்பவர்கள், வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும்.

வண்டி 1983 மாடல் மெர்சிடிஸ் 240டி. ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் காபித் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த என் தாய்மாமா ஆசையாக வைத்திருந்தது. அவர் போன பிறகு என் கைக்கு வந்தது. டபிள்யூ 123 என்று சொல்வார்களே, அந்த வரிசை. 1976 முதல் 1986 வரை ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் செய்தார்கள், அதனால் இன்றைக்கும் பிரேக் சாமான் கிடைக்கிறது. சாமான் கிடைப்பது கஷ்டமில்லை. அதைப் பொறுமையாக மாட்டுகிற கை கிடைப்பதுதான் கஷ்டம்.

முதல் தவறு என்னுடையது. மழைக்காலம் முழுக்க ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டபடியே தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன். ஏற்காடு 1500 மீட்டர் உயரம். பனி இறங்கினால் மூன்று நாளைக்குத் துணி காயாது, வார்ப்பிரும்பு டிஸ்க் என்ன செய்யும்? ஹேண்ட்பிரேக்கை விடுவித்தும் இரண்டு பின்சக்கரமும் அசையவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் டிஸ்க் செங்கல் நிறத்தில் இருந்தது. சரி, வண்டி வயதுக்குப் புதிதாகவே மாற்றிவிடலாம் என்று இரண்டு பின் டிஸ்க், ஒரு செட் பேட், ஒரு செட் ஹேண்ட்பிரேக் ஷூ எல்லாம் நானே வாங்கினேன். ரெக்கவரி வண்டியில் ஏற்றிச் சேலத்துக்கு இறக்கினேன்.

பட்டறை முதலாளி நன்றாகத்தான் பேசினார். “பென்ஸெல்லாம் நமக்குப் பழக்கம்தாங்க சார். நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க.” ஐந்து நாள் ஆனது. மூன்றாம் நாள் சொல்லாமல் போய் நின்றேன். இடது பின்சக்கரத்து டிஸ்க்கின் மேல் கேஸ் நெருப்பைக் காட்டிக்கொண்டிருந்தான் ஒரு பையன். இன்னொருவன் கையில் சம்மட்டி. பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற காலிபர் கழற்றப்பட்டு, பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸிலேயே தூக்குப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. என்ன இது என்று கேட்டேன். “துரு புடிச்சிருக்குங்க சார், சூடு காட்டாம வராது. நீங்க உள்ள உக்காருங்க” என்றார் முதலாளி. உட்கார்ந்தேன். அந்த இடத்தில் வேலையை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பில் 21,400 ரூபாய். ‘பின் டிஸ்க் 2, கழற்றி மாட்டியது’, ‘ஜாம் டிஸ்க், கூடுதல் கூலி’ என்று எழுதியிருந்தது. பழைய டிஸ்க்குகளைக் கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றார். அங்கே நின்ற சின்னப் பையன், “அண்ணா, ஆயில் டிரம்முக்குப் பின்னால ஒண்ணு கெடக்குது” என்றான். போய் எடுத்தேன். விளிம்பில் இரண்டு இடத்தில் உடைந்து, ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. புல்லர் (கொக்கி மாட்டி இழுக்கும் கருவி) போட்டு விளிம்பைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஒன்றுதான் கிடந்தது. அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

அடிவாரம் தாண்டி மலை ஏறும்போதே இடது பின்பக்கம் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம். பிரேக்கை மிதித்தால் பெடல் காலுக்குள் துடித்தது. இருபது வளைவில் ஒன்பதாவது வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. ஒதுங்கி நின்று ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். இழுக்கவே கனம் இல்லை. கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருண்டது. எனக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஒரு குடும்பம், முன்னால் குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு. திரும்பக் காலை அழுத்தி நிறுத்தினேன். என் மனைவி இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தாள். அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கை நடுக்கம்தான், 21,400 ரூபாய் அல்ல.

ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப்புகளைப் பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். மறுநாள் அவரிடம் கொண்டுபோனேன். இடது சக்கரத்தைத் திறந்ததும் சற்று நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

இந்த வண்டியில் பின் டிஸ்க்கின் நடுப்பகுதி ஒரு தொப்பி மாதிரி இருக்கும். அந்தத் தொப்பியின் உட்பக்கம்தான் ஹேண்ட்பிரேக்குக்கு டிரம். அதற்குள்ளே இரண்டு சின்ன ஷூ. வருடக்கணக்கில் உரசி உரசி டிரம்மில் பள்ளம் விழும், ஓரத்தில் ஒரு வரப்பு நிற்கும். டிஸ்க்கை வெளியே இழுத்தால் ஷூ அந்த வரப்பில் மாட்டிக்கொள்ளும். “துருவு பாதிதான் தம்பி. மீதி இந்த ஷூதான் உள்ளருந்து புடிச்சுக்கிட்டு இருக்கும். அதத் தளத்தாம வெளியருந்து எத்தனை அடிச்சாலும் வராது” என்றார். பட்டறையில் அதைத் தளர்த்தவே இல்லை. இழுத்த இழுப்பில் ஷூவைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகள் பிய்ந்திருந்தன. கேபிள் கழற்றி விடப்பட்டிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த புது ஷூவை மாட்டவே இல்லை. சூட்டில் ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) சீல் கருகி, கிரீஸ் உருகி வழிந்திருந்தது. சம்மட்டி அடி டிஸ்க்கோடு நிற்காது, ஹப் வழியாகப் பேரிங்குக்குப் போகும், அதன் உருளைகள் ஓடும் பாதையில் நுண்ணிய பள்ளம் விழும். மலை ஏறும்போது கேட்ட ரீங்காரம் அதுதான். பெடல் துடிப்புக்குக் காரணம் இன்னும் எளிது: ஹப் முகத்தில் இருந்த துருவைத் தேய்க்காமல் அதன்மேலேயே புது டிஸ்க்கை உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் காகிதக் கனம் துரு இருந்தாலே போதும், விளிம்பில் டிஸ்க் கோணலாகச் சுற்றும்.

வலது பக்கம் திறந்தபோதுதான் எனக்கு உடம்பு சூடானது. அங்கே இருந்தது மாமா காலத்துப் பழைய டிஸ்க். மேல் துருவை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். இரண்டுக்கும் கூலி வாங்கிக்கொண்டு ஒன்றைத்தான் மாற்றியிருக்கிறார்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது. என்னுடைய இன்னொரு புது டிஸ்க் பட்டறையிலேயே தங்கிவிட்டது.

அந்த வலது டிஸ்க்கைப் பெரியவர் என் முன்னாலேயே கழற்றினார். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மெக்கானிக் இப்படிச் செய்கிறாரா என்று நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, வண்டியை ஸ்டேண்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முழுக்க விட்டார். காலிபரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, காலிபரைக் கம்பியால் மேலே கட்டினார், ஹோஸில் துளிக்கூட பாரம் இல்லை. பிறகு சக்கர போல்ட் போகும் ஐந்து துளைகளில் ஒன்றின் வழியே டார்ச் அடித்து, டிஸ்க்கை மெல்ல மெல்ல அசைத்துத் திருப்பி, உள்ளே ஒரு பல்சக்கரம் தெரியும்வரை தேடினார். ஷூவை விரிக்கவும் சுருக்கவும் அதுதான். ஸ்குரூ டிரைவரை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தள்ளினார். எந்தத் திசை என்று கேட்டேன். “இடதுக்கும் வலதுக்கும் மாறும். ஒரு பக்கம் திருப்பினா இறுகுச்சுன்னா, மறுபக்கம் திருப்பு.” கொஞ்ச நேரத்தில் டிஸ்க் கையால் இலேசாகச் சுற்ற ஆரம்பித்தது. ஆனாலும் வெளியே வரவில்லை. ஹப்பின் நடு மேட்டைச் சுற்றித் துரு கெட்டிப்பட்டிருந்தது. அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவை இளக்கும் ஸ்பிரேயை அந்த இடுக்கிலும் போல்ட் துளைகளிலும் அடித்துவிட்டு, “வீட்டுக்குப் போ தம்பி, காலைல வா” என்றார்.

காலையில் ரப்பர் சுத்தியலால் தொப்பியின் முகத்தில், துளைகளுக்கு நடுவே, சுற்றிச் சுற்றித் தட்டினார். ஓங்கி ஒரு அடிகூட இல்லை. கால் மணி நேரத்தில் டிஸ்க் அவர் கையில் இருந்தது. அதற்கும் மசியாவிட்டால், காலிபர் மாட்டும் காதுத் துளையில் நீளமான போல்ட்டும் நட்டும் போட்டு, பின்னாலிருந்து டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிச் சமமாகத் தள்ளுவாராம். தூக்கிப் போடப்போகிற டிஸ்க்குக்கு மட்டும்தான் அந்த வேலை. நெருப்பு என்ற பேச்சே அவரிடம் வரவில்லை.

இடது பேரிங், சீல், ஸ்பிரிங் எல்லாம் மாற்ற மறுபடி 14,000 ரூபாய் போனது. கீழே போய் முதலாளியைக் கேட்டேன். முதலில் மறுத்தார். வலது சக்கரத்தின் போட்டோவைக் காட்டியதும், “பையன் மாட்டுனேன்னுதான் சொன்னான் சார்” என்று டிஸ்க் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பெட்டி பிரிக்கப்படவே இல்லை. பணத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் போன் பேசப் போய்விட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். பிறகு சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம், பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு எனக்குக் கைகொடுத்தவை பில், போட்டோக்கள், டிரம்முக்குப் பின்னால் கிடந்த அந்த உடைந்த டிஸ்க். ஆகவே வண்டியை விடும்போது செய்ய வேண்டிய வேலையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் புதுச் சாமானில் மார்க்கரால் ஒரு குறி போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றியதை எல்லாம் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே, “உள்ள இருக்கற ஹேண்ட்பிரேக் ஷூவ எப்படித் தளத்துவீங்க?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். துளை, பல்சக்கரம், ஸ்குரூ டிரைவர் என்று பதில் வராவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

உடைந்த டிஸ்க்கைக் கோணிப்பையில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். விசாரணைக்கு அதையும் எடுத்துக்கொண்டு போவேன்.