இணையத்தில் ஹெர்பேரியம்: சில வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

மேற்குத் தொடர்ச்சி மலையின் காசித்தும்பை இனங்கள்தான் என் ஆய்வு. எந்த இனம் எங்கே இருந்தது, எந்த மாதம் பூத்தது, இப்போதும் அங்கே இருக்கிறதா என்று தேடினால், பதில் பழைய உலர்தாவர ஷீட்டுகளில்தான், அதாவது காயவைத்த செடியை லேபிளோடு ஒட்டிய தாள்களில்தான், கிடைக்கும். அவற்றைச் சேர்த்து வைக்கும் இடம்தான் ஹெர்பேரியம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஷீட்டுகளில் முக்கியமான பலவும் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலும் எடின்பரோவிலும் பாரிஸிலும் இருக்கின்றன. முன்பெல்லாம் அவற்றைப் பார்க்க விசாவும் டிக்கெட்டும் வேண்டும். இப்போது கணினியும் பொறுமையும் போதும். பொறுமை கொஞ்சம் அதிகமாகவே வேண்டும்.

இத்தனை வருஷப் புழக்கத்தில் நான் வந்து சேர்ந்த கருத்து இது. ஷீட்டின் படத்தை நம்பலாம். அந்த லேபிளைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்த வரியைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். அந்த வரியிலிருந்து வரைபடத்தில் போய் விழுந்த புள்ளியை அதைவிட அதிகச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

முதலில் படம். கியூவில் மட்டும் சுமார் 70 லட்சம் ஷீட்டுகள் இருக்கின்றன. இந்த அளவில் பெரிய ஹெர்பேரியங்கள் பலவும் தங்கள் ஷீட்டுகளை நல்ல தெளிவில் படமெடுத்து இலவசமாக வைத்திருக்கின்றன. ஓரத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் இருப்பதால் இலையின் நீளம், காம்பின் நீளம், விளிம்புப் பற்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் திரையிலேயே எடுத்துவிடலாம். எனக்கு அதைவிடப் பயன்பட்டவை ஷீட்டில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகள். ஒரே செடிக்கு ஒவ்வொரு காலத்திலும் யார் யார் என்ன பெயர் சொன்னார்கள் என்ற வழக்கு விவரம் அதில் வரிசையாக இருக்கும். பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1911-இல் இறக்கும்வரை, தொண்ணூறு வயதைத் தாண்டியும், காசித்தும்பைகளோடுதான் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். பூவைப் பிரித்து அவர் பென்சிலில் வரைந்த படங்கள் கியூ ஷீட்டுகள் சிலவற்றில் இன்னும் ஒட்டியிருக்கின்றன. இணையத்திலிருந்து இறக்கும் தரவுக் கோப்பின் அட்டவணையில் அவை ஒரு பத்தியாகக்கூட வராது. ஷீட்டைத் திறந்தால்தான் கிடைக்கும்.

அவர் ஏன் வரைந்தார் என்பதில்தான் படத்தின் எல்லையும் இருக்கிறது. காசித்தும்பைப் பூ காய்ந்தால் கசங்கிப் போகும், இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இனத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டிய அடையாளங்கள் பெரும்பாலும் பூவில்தான் இருக்கின்றன. எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் ஊறவைத்துப் பிரிக்காத பூ உள்ளே இருப்பதைக் காட்டாது. இன்னொரு தொல்லை, ஷீட்டின் மூலையில் ஒட்டியிருக்கும் காகித உறை. உதிர்ந்த பூக்களையும் விதைகளையும் அதில்தான் போட்டு வைப்பார்கள். படத்தில் அது மூடியே இருக்கும், ஆனால் எனக்கு வேண்டியது அதற்குள்ளே! இதற்கு ஒரே வழி, பார்கோடு எண்ணைக் குறிப்பிட்டுக் காப்பாளருக்கு மின்னஞ்சல் போடுவது. கேள்வி குறிப்பாக இருந்தால் பல இடங்களில் உறையைத் திறந்து படமெடுத்து அனுப்புகிறார்கள். ‘இந்த இனம் பற்றிய தகவல் தேவை’ என்று பொதுவாக எழுதினால் பதில் வருவது அபூர்வம்.

அடுத்தது லேபிள். தென்னிந்தியத் தாவரங்களில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ராபர்ட் வைட்டின் ஷீட்டுகளில் வந்து நிற்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்து, நம் ஊர்த் தாவரங்களைச் சேகரித்து, ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களை வைத்து ஆயிரக்கணக்கான படங்கள் வரையச் செய்தவர். அவருடைய செடிகளின் பிரதிகளை, அதாவது உபரி மாதிரிகளை, கியூ 1866-67-இல் உலகத்தின் பல ஹெர்பேரியங்களுக்குப் பிரித்து அனுப்பியது. அவற்றில் அச்சிட்ட லேபிளில் இடம் என்று இருப்பது ‘கிழக்கிந்தியத் தீபகற்பம்’ மட்டும். குற்றாலமா, நீலகிரியா, பழனியா என்று தெரியாது. அதில் உள்ள எண்ணும் சேகரிப்பு எண் இல்லை. ஓர் இனத்துக்கு ஓர் எண் என்று கொடுத்தது. ஆகவே ஒரே எண்ணுக்குக் கீழே வெவ்வேறு மலைகளில், வெவ்வேறு வருஷங்களில் பறித்த செடிகள் கலந்திருக்கலாம். தரவுக் கோப்பிலோ அது சேகரிப்பு எண் என்ற பத்தியில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். விநியோக ஆண்டு சேகரித்த ஆண்டாக ஏறியிருப்பதும் உண்டு. வைட் 1853-இலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார். அவர் பெயரில் 1866-இல் ஒரு தென்னிந்தியச் செடி என்றால் அந்த வரியை அப்படியே ஓரம் கட்டிவிடலாம். ஹூக்கர், தாம்சன் பெயரில் வரும் ‘நீலகிரி, குடகு’ லேபிளும் இதே ரகம்தான். இரண்டு மலைகளில் எது என்பது நம் பாடு.

இப்போது புள்ளி. இப்படிப்பட்ட தொகுப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் தேட உதவுவது ஜிபிஃப் என்ற உலகளாவிய பல்லுயிர்த் தரவுத்தளம். கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு 2001-இல் தொடங்கியது, இன்று 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். அதில் பெரும்பங்கு பறவை பார்ப்பவர்களும் பொதுமக்களும் போட்ட நேரடிப் பதிவுகள். எனவே நான் முதலில் செய்வது, பதிவின் அடிப்படை என்ற வடிகட்டியில் பாதுகாக்கப்பட்ட மாதிரிகளை மட்டும் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் தனி டிஓஐ, அதாவது மாறாத இணைய அடையாள எண், கிடைக்கிறது. கட்டுரையில் அதைக் கொடுத்தால் அடுத்தவரும் அதே கோப்பை எடுத்துச் சரிபார்க்கலாம். இது ஒன்றுக்காகவே எனக்கு ஜிபிஃப் பிடிக்கும்.

ஆனால் கோப்பை எடுத்ததும் வரைபடம் போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். உயர்மலைச் சோலைக்காட்டுச் செடி சென்னை நகரத்தின் நடுவில் நிற்கும். லேபிளில் ‘மெட்ராஸ்’ என்றால் அது பெரும்பாலும் ராஜதானி. இன்றைய ஆந்திரத்தின், கேரளத்தின் பகுதிகளும் அதில் அடக்கம். ‘இந்தியா’ என்று மட்டும் இருந்ததற்கு நாட்டின் நடுப்புள்ளியைக் கொடுத்திருந்தால் செடி மத்திய இந்தியாவில் எங்கோ முளைத்திருக்கும். அடிக் கணக்கில் எழுதிய உயரம் மீட்டராகியிருக்கும். தென்னிந்தியாவின் உச்சமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பது தெரிந்தவர்களுக்கு 6,500 மீட்டர் உயரச் செடி உடனே கண்ணில் படும். இந்த மாதிரிப் பிழைகளில் சிலவற்றை ஆர் என்ற கணினி மொழியின் கோஆர்டினேட்கிளீனர் தொகுப்பு பிடித்துவிடும். ராஜதானி வரலாறு அதற்குத் தெரியாது, அது நம் வேலை. கூனூர் பக்கத்துப் பழைய எஸ்டேட் பெயர்கள், சிஸ்பாரா கணவாய், ‘அவலாஞ்சி’யின் விதவிதமான எழுத்துக்கூட்டல்கள் இவற்றுக்கெல்லாம் பழைய நில அளவை வரைபடங்களையும் மாவட்ட கெசட்டியர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

தேதியில் ஒரு பொறி உண்டு. லேபிளில் வருஷம் மட்டும் இருந்தால் சில தரவுத்தளங்களில் அது ஜனவரி 1 ஆகிவிடுகிறது. பூக்கும் காலத்தை ஆராய்பவருக்கு இது விஷம். மழைக்காலத்தில் முளைத்துப் பூத்துக் காய்ந்துபோகும் ஒருபருவக் காசித்தும்பைகள் புத்தாண்டு அன்று கூட்டமாகப் பூப்பதாக வரும். ஜனவரி 1 என்று இருக்கும் எல்லாப் பதிவுகளுக்கும் படத்தைத் திறந்து பார்க்காமல் நான் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

பெயர் சரியா என்பது தனிக் கதை. 2015-இல் ஆப்பிரிக்க இஞ்சிக் குடும்பப் பேரினமான ஆஃப்ரமோமத்தின் சுமார் 4,500 மாதிரிகளைப் பார்த்துச் சொன்ன ஆய்வு, அண்மை வகைப்பாட்டுத் திருத்தத்துக்கு முன் அவற்றில் பாதிக்கும் மேல் தவறான பெயரில் இருந்தன என்றது. காசித்தும்பையில் நிலைமை மேலாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே நாளில் ஒரே இடத்தில் பறித்த செடியின் பிரதிகள் மூன்று ஊர்களில் இருந்தால் அவை மூன்று பதிவுகளாக எண்ணப்படும். சில சமயம் இரண்டு பெயர்களில்! சேகரித்தவர், எண், தேதி மூன்றையும் பொருத்திப் பார்த்தால் இவை அகப்படும். பரவல் பரப்பைக் கணக்கிட்டு அழிவு நிலையை மதிப்பிடுபவர்கள் இதைச் செய்யாவிட்டால், பிரதிகள் வெவ்வேறு புள்ளிகளில் விழும்போது இரண்டு கிலோமீட்டர் கட்டங்களின் எண்ணிக்கை சும்மா கூடிவிடும், அருகிவரும் செடி பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றும்.

நம் பக்கம் வருவோம். பிஎஸ்ஐ என்ற இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் தன் இந்திய மெய்நிகர் ஹெர்பேரியத்தை 2022-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் படங்களோடு திறந்தது. அது நல்ல தொடக்கம். பழனி மலைச் செடிகளுக்குத் திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தை விட்டால் வழியில்லை. அருட்தந்தை மேத்யூவின் குழு பல ஆண்டுகள் அலைந்து சேர்த்தவை அங்கே இருக்கின்றன. எனக்கு ஆதங்கம் சின்னக் கல்லூரித் தொகுப்புகளைப் பற்றித்தான். 1850-இல் நீலகிரியில் பறித்த செடியைப் பாரிஸிலிருந்து அரை நிமிஷத்தில் திறக்கிறேன். அடுத்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் 1970-களின் ஷீட்டுகளைப் பார்க்க அனுமதிக் கடிதம், துறைத்தலைவர் விடுமுறை, சாவி யாரிடம் என்று ஒரு பருவமே போனது. அலமாரியைத் திறந்தபோது பாதியைப் பூச்சி முடித்திருந்தது. 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்தது. அங்கிருந்த டைப் மாதிரிகள், அதாவது ஓர் இனத்தின் பெயருக்கு ஆதாரமான மாதிரிகள், பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருப்பது, 1929 முதல் சிகாகோ அருங்காட்சியகத்துக்காகத் தாவரவியலாளர் மேக்பிரைட் எடுத்து வைத்த புகைப்படங்கள்தான். நம் கல்லூரிகளுக்குக் குண்டு தேவையில்லை, இரண்டு மழைக்காலம் போதும். கைப்பேசி ஸ்டாண்டு ஒன்று, இரண்டு விளக்கு, ஓர் அளவுகோல், ஆர்வமுள்ள முதுகலை மாணவர்கள் நாலு பேர் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஸ்கேனர் வாங்க நிதி வரட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கண்டுபிடிக்கும் பிழைகளை நான் அந்தந்த ஹெர்பேரியத்துக்கே எழுதிவிடுகிறேன். ஜிபிஃப் பக்கத்திலிருந்தே கருத்து அனுப்பலாம், ஆனாலும் திருத்த வேண்டியது தரவு கொடுத்தவர்தான். சிலர் சில வாரங்களில் மாற்றுகிறார்கள், சிலரிடமிருந்து பதிலே இல்லை. அதனால் என் கோப்பில் அவர்கள் கொடுத்த இடம் ஒரு பத்தியிலும், நான் லேபிளிலிருந்து படித்த இடம் அடுத்த பத்தியிலும், ஏன் மாற்றினேன் என்பது மூன்றாவதிலும் இருக்கும். கட்டுரையின் இணைப்பாக மூன்றையும் சேர்த்தே கொடுக்கிறேன். என் வாசிப்பில் சந்தேகம் இருப்பவர்கள் பார்கோடை வைத்து அந்த ஷீட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.