ஒரு வீடு, மூன்று பூனைகள், ஒன்றுக்குச் சர்க்கரை நோய்: மைக்ரோசிப் உணவுத்தட்டு மதிப்புரை

ஒரே பூனை வளர்க்கும் வீட்டில் அதற்குச் சர்க்கரை நோய் வந்தால், எந்த உணவை நிறுத்துவது, எதைத் தொடங்குவது என்று கால்நடை மருத்துவரோடு பேசி முடிவெடுத்தவுடன் உணவு விஷயத்தில் பாதி வேலை முடிந்துவிடும்; நாம் வைப்பதைத் தவிர அதற்கு வேறு தட்டு கிடையாது. எங்கள் வீட்டில் இருப்பவை மூன்று. நோய் கண்டிருக்கும் முத்து, கருத்தடை செய்யப்பட்ட, உடல் பருத்த, நடுவயதைத் தாண்டிய கடுவன். பூனைகளில் இந்த நோய் அதிகம் காணப்படுவதும் இத்தகைய கடுவன்களிடம்தான். மல்லி, சிறுநீரகம் தளர்ந்துவரும் முதிய பெண் பூனை. மருத்துவர் எழுதித் தந்த பாஸ்பரஸ் குறைந்த உணவைத்தான் சாப்பிட வேண்டும். சுட்டி, நோய்நொடி எதுவும் இல்லாத ஒல்லியான இளம் பூனை. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பவள். மூன்றும் மூன்று விதமாகச் சாப்பிட வேண்டியவை, ஆனால் எந்தத் தட்டானாலும் மூன்றும் வாய் வைக்கும். இதற்காகவே மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் உணவுத்தட்டுகளை வாங்கினோம். பூனை தின்ற உணவின் எடையைக் காட்டுவது ஒன்று, காட்டாதது ஒன்று என இரண்டு வகைகளையும் பயன்படுத்திவருகிறோம்.

கருவி வேலை செய்யும் விதம் எளியது. பூனையின் தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில் செலுத்தப்படும் சிப்பில் 15 இலக்க அடையாள எண் ஒன்று இருக்கிறது. சிப்புக்கென்று பேட்டரி இல்லை. படிக்கும் கருவி வெளிவிடும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். தட்டின் முன்னால் உள்ள வளைவுக்குள் பூனை தலையை நுழைத்ததும் வளைவு அந்த எண்ணைப் படிக்கிறது. பதிவு செய்த எண்ணாக இருந்தால் மூடி திறக்கிறது, தலை வெளியே வந்த சில நொடிகளில் மூடிக்கொள்கிறது. சிப் போடாத பூனைக்குக் கழுத்துப்பட்டையில் மாட்டும் வில்லை ஒன்றும் தருகிறார்கள். ஒரே தட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகளைப் பதிவு செய்துகொள்ளலாம்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ளப் பூனையின் உடலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பூனை முழுமையான ஊனுண்ணி. அதன் உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் இல்லை. மாவுச்சத்து நிறைந்த உணவுக்குப் பின் ரத்தத்தில் குவியும் குளுக்கோஸை விரைந்து கையாளும் குளுக்கோகைனேஸ் நொதியின் செயல்பாடும் அதன் கல்லீரலில் மிகக் குறைவு. தனக்கு வேண்டிய குளுக்கோஸைப் புரதத்திலிருந்தே அது ஓயாமல் தயாரித்துக்கொள்கிறது. ஆகவேதான் சர்க்கரை நோயுள்ள பூனைக்குப் புரதம் மிகுந்த, மாவுச்சத்து குறைந்த ஈர உணவைப் பெரும்பாலான மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, இத்தகைய உணவோடு இன்சுலினையும் சரிவரக் கொடுத்தால், சில பூனைகள் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்புவதும் உண்டு. அந்த வாய்ப்பு அடுத்த பூனையின் தட்டில் கரைந்து போகாமல் காப்பதுதான் இந்த மூடியின் வேலை.

எந்த உணவில் எவ்வளவு மாவுச்சத்து என்பதைப் பெரும்பாலான பாக்கெட்டுகள் நேரடியாகச் சொல்வதில்லை. நாமே கணக்குப் போட்டுவிடலாம். புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, சாம்பல் (உணவை எரித்தால் எஞ்சும் தாதுக்கள்), ஈரப்பதம் ஆகிய ஐந்தையும் கூட்டி 100இலிருந்து கழித்தால் எஞ்சுவது மாவுச்சத்து. புரதம் 11, கொழுப்பு 5, நார் 1, சாம்பல் 2, ஈரப்பதம் 78 என்றிருக்கும் ஈர உணவில் மிஞ்சுவது 3 கிராம். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும், கொழுப்பை 8.5ஆலும் பெருக்கினால் கலோரிக் கணக்கு கிடைக்கும்: 38.5, 42.5, 10.5, மொத்தம் 91.5. அதில் மாவுச்சத்தின் பங்கு 11 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. புரதம் 32, கொழுப்பு 14, நார் 3, சாம்பல் 7, ஈரப்பதம் 8 என்றிருக்கும் உலர் உணவிலோ மாவுச்சத்து 36 கிராம். கலோரியில் 35 விழுக்காடு. புரதம் 32 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து உலர் உணவே மேல் என்று எண்ணத் தோன்றும். ஈரப்பதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் உண்மை தெரியும். அட்டையில் உள்ளவை பெரும்பாலும் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளே என்பதால் விடை தோராயமானதே. இரண்டு உணவுகளை ஒப்பிட அது போதும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். இந்தத் தட்டை வாங்கும் பலரும் அதை நோயுள்ள பூனைக்கே கொடுக்கிறார்கள். முதல் தட்டு மற்றப் பூனைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முத்துவின் உணவைச் சுட்டி இரண்டு வாய் தின்றால் அவளுக்கு ஒரு கேடும் இல்லை; வளர்ந்த, ஆரோக்கியமான பூனைக்கு முழுச் சத்துள்ள ஈர உணவு நல்லதே. மல்லியின் உணவை முத்து தின்றால்தான் ஆபத்து. சிறுநீரக உணவில் புரதத்தை அளவோடு வைத்திருப்பதால், கொழுப்பும் மாவுச்சத்தும் அந்த இடத்தை நிரப்புகின்றன. அதிலும் சர்க்கரை நோயுள்ள பூனையின் பசி சாதாரணப் பசி இல்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் நிறைந்திருந்தும் இன்சுலின் போதாமையால் அது உயிரணுக்களுக்குள் போவதில்லை, உடல் பட்டினி என்றே நம்புகிறது. அந்தப் பசியோடு திரியும் பூனையைத் திட்டியோ விரட்டியோ தடுக்க முடியாது, தடுக்கப் பார்ப்பதும் நியாயமில்லை. அடைத்து வைக்க வேண்டியது அதற்கு ஆகாத உணவை.

எனவே எங்கள் வீட்டில் முதல் தட்டு மல்லிக்குப் போனது. சுட்டிக்கு முத்து சாப்பிடும் அதே ஈர உணவு, ஆனால் அளவு கூடுதல். திறந்த கிண்ணத்தில் உலர் உணவு வைக்கும் வழக்கம் அடியோடு நின்றது. எடை காட்டும் தட்டு முத்துவுக்கு; பாஸ்பரஸ் மிகுந்த அவன் உணவை மல்லி தொடாமலும் அது தடுக்கிறது. மூன்று பூனைகளுக்கு இரண்டு தட்டுகள் போதுமானவையாக இருக்கின்றன.

பழக்குவதில் அவசரம் கூடாது. தொடக்கத்தில் மூடி அசையாமல் திறந்தே இருக்கும்படியும், பிறகு சிறிது சிறிதாக அசையும்படியும், கடைசியில் முழுவதும் மூடித் திறக்கும்படியும் படிப்படியாக வைத்துக்கொள்ளும் வசதி இரண்டு தட்டுகளிலும் இருக்கிறது. மல்லி முதல் அசைவிலேயே பின்வாங்கினாள். மோட்டார் சத்தம் சன்னமானதுதான், ஆனால் அவளுக்கு அது போதும். ஒவ்வொரு படியிலும் அவள் தயங்காமல் தலையை நுழைக்கும்வரை அங்கேயே நிறுத்திவைத்தோம். பருத்த பூனை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், பூனை தட்டைக் கண்டு மிரண்டால் பழைய கிண்ணத்தையே மீண்டும் வைப்பதுதான் சரி.

திருட்டை இந்தத் தட்டு முழுவதுமாக நிறுத்துமா என்றால், தட்டு தனியாக நிறுத்தாது என்பதே என் பதில். மல்லி குனிந்து தின்றுகொண்டிருக்கும்போது முத்து அவள் தோளை ஒட்டி நின்று, கன்னத்தை மெல்ல அவள் கன்னத்தோடு உரசி, இடைவெளி கிடைத்ததும் நாக்கை மட்டும் நீட்டி ஓரத்தை நக்குவான். அவளுடைய சிப் வளைவுக்கு அடியில் இருக்கும்வரை மூடி திறந்தே இருக்கும். யாருடைய நாக்கு என்று அதற்குத் தெரியாது. பின்பக்கத் தடுப்பைப் பொருத்தியதும் பின்னாலிருந்து வருவது நின்றது. பக்கவாட்டில் வருவதைத் தடுக்க, தட்டை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஒரு பூனை மட்டும் நுழையும் அகலத்துக்கு வாயை வெட்டினோம். பின்பக்கத் தடுப்பைத் தட்டோடு சேர்த்தே தர வேண்டும். தனியாக வாங்க வைப்பது தயாரிப்பாளரின் குறை.

எடை காட்டும் தட்டைச் சொகுசுப் பொருள் என்று சிலர் ஒதுக்குவார்கள். இன்சுலின் போடும் வீட்டில் அது அவசியம் என்பேன். பெரும்பாலான பூனைகளுக்கு இன்சுலின் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது, ஊசி போடும்முன் பூனை சாப்பிட்டதா என்று தெரிந்தாக வேண்டும். பல பூனைகள் ஒரே கிண்ணத்தில் தின்னும் வீட்டில் கிண்ணம் காலியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. வழக்கமாக 80 கிராம் தின்பவன் 15 கிராமோடு விலகிவிட்டான் என்று திரையில் தெரிந்தால், ஊசியை எடுக்கும்முன் மருத்துவரைக் கேட்கலாம். மாவுச்சத்தைக் குறைக்கும் நாட்களில் இது இன்னும் முக்கியம். உணவு மாறியதும் இன்சுலின் தேவை வேகமாகக் குறையக்கூடும், பழைய அளவையே தொடர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே சரியும் அபாயம் உண்டு. தள்ளாட்டம், அசாதாரணச் சோர்வு, வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். அந்த நேரத்தில் ஈறில் தேனோ சர்க்கரைப் பாகோ தடவியபடி மருத்துவரை அழைக்க வேண்டும். தட்டு வந்துவிட்டது என்பதற்காக மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மாற்றவே கூடாது. காது ஓரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்து வீட்டிலேயே சோதிக்கப் பழகிக்கொள்வது மிக நல்லது. அதற்கும் பூனைகளுக்கென அளவுதிருத்தம் செய்த குளுக்கோமீட்டரே ஏற்றது. மனிதர்களுக்கானது பூனையின் ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துக் காட்டும்.

குறைகள் இன்னும் சில உண்டு. ஈர உணவை மூடி வைத்தாலும் அது நாள் முழுவதும் கெடாமல் இருக்காது. மூடி காற்றையும் ஈயையும் ஓரளவு தடுக்கும், குளிரூட்டாது. கிண்ணத்தைக் கழற்றிக் கழுவலாம், ஆனால் மூடியின் கீல் ஓரத்தில் ஒட்டும் குழம்பைப் பழைய பல்துலக்கியால்தான் எடுக்க முடிகிறது. பேட்டரி தீர்வதை ஒரு சிறு விளக்கு மட்டுமே அறிவிக்கிறது. சுவரைப் பார்த்துத் தட்டை வைத்தால் அது கண்ணில் படாது.

மூடித் தட்டு வாங்க முடியாதவர்கள் நேரம் வைத்துத் தனித்தனி அறைகளில் ஊட்டலாம்; எல்லோரும் வீட்டில் இருக்கும் குடும்பத்தில் அது நன்றாகவே நடக்கும். உயரமான அலமாரியில் மற்றப் பூனைகளின் உணவை வைக்கும் யோசனையை மட்டும் நம்பிவிட வேண்டாம். சர்க்கரை நோயால் பின்னங்கால் நரம்புகள் தளர்ந்து, குதிகால் தரையில் படும்படி நடக்கும் பூனையால் தாவ முடியாதுதான்; சிகிச்சை பலித்துக் கால்களுக்கு வலு திரும்பினால் அதே பூனை அலமாரிக்கு ஏறிவிடும்.

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள், முதலில் மருத்துவரிடம் ஸ்கேனரை வைத்துச் சிப் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சில பூனைகளில் அது தோள்பட்டைக்கோ முன்னங்கால் பக்கமோ நகர்ந்திருக்கும். அப்படி இருந்தால் வளைவு அதைப் படிக்கத் தடுமாறும், கழுத்துப்பட்டை வில்லையே உங்களுக்குப் பொருந்தும்.