ஊட்டிக் குளிரில் தெர்மல் குக்கர்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

சமவெளியின் கேஸ் கணக்கு ஊட்டிக்கு ஒத்துவராது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். புழுங்கலரிசி அடுப்பிலேயே வெகுநேரம் கிடந்தும் நடுவில் விதையாக நிற்கும். அதனால்தான் தெர்மல் குக்கர் வாங்கினோம்: கொதித்த உள்பாத்திரத்தை, சூடு வெளியேறாத வெளிக்கலனுக்குள் அடைத்து, அடுப்பில்லாமல் அந்தச் சூட்டிலேயே வேக வைக்கிற பாத்திரம். இன்றுவரை தினமும் புழங்குகிறது.

அரை மணி நேரம் ஊறிய அரிசியை உள்பாத்திரத்தில் போட்டு, தாராளமாகத் தண்ணீர் விட்டு, தளதளவென்று கொதிக்க விட வேண்டும். ஐந்து நிமிடம் போதும் என்று கடையில் சொன்னார்கள். மலையில் அது போதாது, பத்துப் பன்னிரண்டு நிமிடமாவது வேண்டும். அப்புறம் மூடியோடு தூக்கி வெளிக்கலனில் இறக்கி அடைத்துவிட்டால் அடுப்பை அணைத்துவிடலாம். மார்கழி, தை மாதங்களில் வெளிக்கலனே சில்லென்று இருக்கும். அதில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு இறக்கினால் சூடு வீணாகாது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பாருங்கள், வெள்ளைப் புள்ளி தெரியாவிட்டால் வடித்துவிடலாம்.

புழுங்கலரிசிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பச்சரிசி சீக்கிரமே குழைந்துவிடும். காலையில் வைத்த சோற்றை ராத்திரி வரை உள்ளேயே விடவும் கூடாது. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் கெட ஆரம்பிக்கும்.

ராஜ்மாவை மட்டும் இதில் வேக வைக்கவே வேண்டாம். அதில் இயற்கையாகவே உள்ள நஞ்சு, நன்றாகக் கொதித்தால்தான் முறியும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்குதான். பருப்பு, பயறு எல்லாம் பிரஷர் குக்கரில்தான். உள்ளே அழுத்தத்தால் சூடு 100 டிகிரிக்கு மேலே போவதால் உயரம் பெரிய தடையாக இருப்பதில்லை. முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் வைத்துவிடுங்கள். அதற்குமேல் பெரிதாக எரிக்கிற கேஸ் முழுக்க ஆவியாகத்தான் வெளியே போகிறது.

சிலிண்டர் முன்பைவிட நன்றாகவே தாங்குகிறது. ஆனால் எங்கள் வீட்டில் கரண்ட் பில்லை ஏற்றுவது குளியலறைதான். 15 லிட்டர் கீசரில் 15 டிகிரித் தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர முக்கால் யூனிட் வரை ஆகும். ஒருவர் பின் ஒருவராகக் குளித்து முடித்து உடனே அணைத்துவிடுவது நல்லது. 2,000 வாட்ஸ் ரூம் ஹீட்டரோ தொடர்ந்து ஓடினால் மணிக்கு இரண்டு யூனிட். கதவடி இடுக்கைத் துணிச்சுருளால் அடைத்து, பொழுது சாய்வதற்குள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாலே அதைப் போடும் நேரம் வெகுவாகக் குறைகிறது. இப்படி அடைத்த அறைக்குள் கரி அடுப்பை மட்டும் யாரும் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வாசனைகூடக் காட்டாமல் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

தெர்மல் குக்கர் வாங்குகிறவர்கள் அளவைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று பேருக்கு அரைக் கிலோ அரிசி அளவே போதும். பெரிதாக வாங்கிக் கால்வாசி நிரப்பினால் சூடு நிற்காது, அரிசியும் வேகாது.