வேற்றுக் கிரக கேம்கள் நான்கு: செத்தால் எது எவ்வளவு பிடுங்கும்?

வேற்றுக் கிரகத்தில் போய் இறங்கி, தனியாக மாட்டிக்கொண்டு, சுட்டோ ஓடியோ தப்பிக்கிற கேம்கள் ஏகப்பட்டது வந்துவிட்டன. எதை வாங்கலாம் என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் கிராஃபிக்ஸில்தான் போய் நிற்கிறார்கள். என் முதல் கேள்வி வேறு. செத்தால் அந்தக் கிரகம் நம்மிடமிருந்து எவ்வளவு பிடுங்கிக்கொள்கிறது? அப்புறம், கரண்ட் போனால்? வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரே ஹால், ஒரே டிவி, எட்டு மணியானால் அம்மாவுக்கு சீரியல் என்று இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

முதலில் ரிட்டர்னல், ஏனென்றால் நான்கில் ஈவிரக்கமே இல்லாதது அதுதான். ஃபின்லாந்தின் ஹவுஸ்மார்க் செய்தது, 2021 ஏப்ரலில் பிஎஸ்5-க்கும் 2023 பிப்ரவரியில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. செலீன் என்கிற விண்வெளி வீராங்கனை அட்ரோபோஸ் கிரகத்தில் விழுகிறாள், சாகிறாள், விழுந்த அதே கப்பல் பக்கத்தில் மறுபடி எழுகிறாள். கையிலிருந்த துப்பாக்கி போச்சு, வழியில் பொறுக்கிய பெரும்பாலான சாமான் போச்சு, போதாக்குறைக்கு அறைகளெல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். வாள், கொக்கி மாதிரி நிரந்தரமாகக் கிடைத்தவை மட்டும் மிஞ்சும். கேட்க அநியாயமாக இருந்தாலும் உள்ளே ஒரு தயவு வைத்திருக்கிறார்கள்: மூன்றாவது பகுதியின் பாஸை, அதாவது கடைசியில் வருகிற பெரிய எதிரியைச் சாய்த்துவிட்டால், அதன் பிறகு செத்தாலும் நான்காவது பகுதியிலிருந்துதான் தொடக்கம். சண்டையோ சுத்தமான வெறி. குண்டுகள் திரை முழுக்கக் கோலம் போட்ட மாதிரி விரிந்து வரும், அதற்குள் புகுந்து போகிற சுகத்துக்கு மற்ற மூன்றும் பக்கத்தில்கூட வராது. 2022-ல் பிரிட்டனின் பாஃப்டா சிறந்த கேம் விருது வாங்கியது சும்மா இல்லை.

ஆனால் நம் வீட்டுக்கு? வெளிவந்த புதிதில் நடுவில் நிறுத்தி சேவ் செய்கிற வசதியே கிடையாது. மிஷினை முழுதாக அணைக்காமல் ரெஸ்ட் மோடில் தூங்க விட்டுவிட்டுப் போக வேண்டும், அந்த நேரத்தில் கரண்ட் போனால் மொத்த ஆட்டமும் காலி. 2021 அக்டோபரில்தான் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கிற சஸ்பெண்ட் வசதி கொடுத்தார்கள். அதுவும் ஒருமுறை திறந்தால் அழிந்துவிடும், பாஸ் சண்டைக்கு நடுவில் வேலைக்கும் ஆகாது. மணிக் கணக்கில் காசு வாங்குகிற கேமிங் சென்டரில் இதைத் தொடவே தொடாதீர்கள், ஒரு ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் அடுத்த செட் பசங்க எஃப்சி ஃபுட்பால் கேம் போட வந்து நிற்பார்கள். கம்ப்யூட்டரில் ஆட வேண்டுமானால் குறைந்தது 16 ஜிபி ரேம் வேண்டும்.

அதற்கு நேர் எதிர் துருவம் சப்நாட்டிகா. (இது ஆக்‌ஷன் கேமே இல்லை, சர்வைவல் கேம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ரீப்பர் லெவயதன் என்கிற ராட்சதக் கடல் மிருகம் பக்கத்தில் வந்து கத்தும்போது அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.) 2018-ல் முழுதாக வெளிவந்தது. 4546பி என்கிற கிரகம், கிட்டத்தட்ட முழுக்கக் கடல். அரோரா கப்பல் எரிந்து விழ, நாம் ஒரு சின்ன உயிர்காப்புக் கூண்டில் மிதக்கிறோம். தொடக்கத்தில் மூச்சு 45 விநாடி. ஆளைக் கொல்கிற துப்பாக்கி கிடையாது. 2012-ல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அது வேண்டாம் என்று முடிவெடுத்ததாக இயக்குநர் சார்லி கிளீவ்லேண்டே சொல்லியிருக்கிறார். அந்த முடிவுதான் கேமைத் தூக்கி நிறுத்துகிறது, ஏனென்றால் கையில் ஒரு கத்தியோடு இருட்டில் இறங்கும்போது வருகிற பயம் ரிட்டர்னலின் எந்த பாஸிடமும் வராது. சீமோத் என்கிற குட்டி நீர்மூழ்கி மேம்படுத்தாமல் 200 மீட்டர் வரைதான் தாங்கும். காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள் கணக்கில் நூற்றுப் பத்து பாகத்துக்குக் கொஞ்சம் குறைவு (ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்). அந்தப் பக்கத்துப் பசங்களிடம் ஆடக் கொடுத்தால் தரையே தெரியாத ஆழத்தைப் பார்த்ததும் அவர்களே கொஞ்சம் பின்வாங்குவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

செத்தால், இருப்பிடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு சேர்த்தது மட்டும் போகும். ஹார்ட்கோர் மோடில் மட்டும் உயிர் ஒன்றுதான். வேண்டிய இடத்தில் சேவ் செய்யலாம், ஆனால் ஆட்டோசேவ் கிடையாது, மறந்துவிட்டால் இரண்டு மணி நேரம் கட்டிய தளம் கரண்டோடு சேர்ந்து போய்விடும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் தட்டுகிற பழக்கம் வேண்டும். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். 4 ஜிபி ரேம் போதும் என்று போட்டிருப்பார்கள், 8 இருந்தால்தான் நிம்மதி. என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மெட்ராய்டு பிரைம் இந்தப் பட்டியலிலேயே வயதானது. 2002-ல் நின்டெண்டோவின் கேம்கியூப் மிஷினுக்காக டெக்சாஸின் ரெட்ரோ ஸ்டுடியோஸ் செய்தது, 2023-ல் அதே நின்டெண்டோவின் கையடக்க மிஷினான சுவிட்சுக்குப் புதுப்பித்து விட்டார்கள். கிரகம் டாலன் 4, நாம் ஆடுகிற வீராங்கனை சாமஸ் அரன். கதையை யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள், சுவரையும் பிணத்தையும் கம்ப்யூட்டரையும் நாமே ஸ்கேன் செய்து படிக்க வேண்டும். சாமஸ் உருண்டையாகச் சுருண்டு ஓடுவதைப் பார்த்து வில்லன் கும்பலும் அதே கருவியைச் செய்து தங்கள் ஆட்களையே சோதித்து, அவர்கள் எலும்பு நொறுங்கிப் போனதாக ஒரு குறிப்பு வரும், தவறவிடாதீர்கள். இங்கிலீஷ் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பாதி சுவை போய்விடும். செத்தால் கடைசியாகத் தொட்ட சேவ் அறைக்குத் திரும்பணும். சுரங்கப் பகுதியில் அந்த அறைகள் ரொம்பத் தள்ளித் தள்ளி இருப்பதால் அங்கே வயிறு எரியும். கடைசியில் 12 சின்னங்களைத் தேடி மறுபடி கிரகம் முழுக்க அலைய விடுவது வெறும் இழுவை. ஆனால் கரண்ட் கேள்வியில் இதை அடிக்க ஆளில்லை, சுவிட்சில் பேட்டரி இருக்கிறதே. டிவியை சீரியலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மாடியில் உட்கார்ந்து ஆடலாம், கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயும் ஆடலாம்.

மீதி இருப்பது ஜர்னி டு த சாவேஜ் பிளானட், 2020. சீரியஸாக எதுவும் வேண்டாம், சிரிக்கணும் என்றால் இது. விண்வெளி ஆய்வில் நாலாவது சிறந்த கம்பெனி என்று பெருமை பேசுகிற ஒரு கம்பெனி நம்மை அனுப்பி வைக்கும். வழியில் வருகிற உருண்டைப் பறவைகளை அறைந்து விளையாடலாம். செத்தால் புது நகல் ஒன்று அச்சாகி வரும், பழைய உடம்பைத் தேடிப்போய் நாமே புதைக்கலாம், சாமான்களும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். சீக்கிரம் முடிந்துவிடும். இருவர் சேர்ந்து ஆடலாம், ஆனால் ஆன்லைனில் மட்டும். தம்பியோடு ஒரே டிவியில் பாதிப் பாதித் திரையில் ஆடணும் என்றால் 2025-ல் வந்த அடுத்த பாகம் ரிவெஞ்ச் ஆஃப் த சாவேஜ் பிளானட்டுக்கு நேராகப் போய்விடுங்கள், முதல் பாகத்தின் கதை தெரியாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.