ரெண்டு பூனைக்கு ஒரே பெரிய டிரேயா, தனித்தனி டிரேயா?

டிரேன்னா பூனை ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போக மணல் போட்டு வைக்கிற தட்டு. பாளையங்கோட்டைல எங்க வீட்டுலயும் ரெண்டு பூனை, அதான் சொல்லுதேன்.

செலவு: ஒண்ணு மலிவு. தனித்தனின்னா மணலும் கூட வேணும், ஆனா பூனை பாயில போயி அதைத் தொவைக்கிற வேலை மிச்சம்.

சுத்தம்: ஒண்ணுன்னா தெனம் ரெண்டு தடவையாவது அள்ளணும்.

சண்டை: இதான் முக்கியம். எங்க பெரிய கடுவன் டிரே முன்னாலயே படுத்துக்கிடும், சின்னது பாவம் அடக்கி அடக்கி கடைசில அரிசிச்சாக்கு மேல போயிரும், நாங்க அதைத்தான் ஏசுனோம். ரெண்டுக்கு மூணு டிரே, அதும் வேற வேற ரூம்ல வச்சப்புறம்தான் அடங்குச்சு. பக்கத்து பக்கத்துல வச்சா பூனைக்கு அது ஒண்ணுதான்.

ஒண்ணா படுத்து ஒண்ணா திங்கிற சோடின்னா பெரிய டிரே போதும். மொறைச்சுக்கிடுதுன்னா தனித்தனிதான். கடுவன் முக்கி முக்கி ஒண்ணுக்கு வராம நின்னா டிரேய மாத்திக்கிட்டு இருக்காதீங்க, உடனே டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடுங்க.