கொலின்ஸா, நாஸ்பாவா? சிங்கப்பூரில் ஸ்கிராபிள் ஆடும் பிள்ளைக்கு எந்தச் சொற்பட்டியல்

எழுத்துச் சில்லுகளை, அதாவது டைல்களை, பலகையில் வைத்துச் சொல் அமைக்கும் ஆட்டம் ஸ்கிராபிள். பிள்ளை பள்ளி ஸ்கிராபிள் குழுவில் சேர்ந்ததும் பெற்றோர் பலர் தடித்த ஆங்கில அகராதி ஒன்றை வாங்கி வைக்கிறார்கள். போட்டியில் அது உதவாது. ஒரு சொல் செல்லுமா செல்லாதா என்பதை அங்கே முடிவு செய்வது, ஆட்டத்துக்கென்றே தொகுத்த சொற்பட்டியல். ஆங்கிலப் போட்டிகளில் பெரிதாகப் புழங்குபவை இரண்டு. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எல்லாம் கொலின்ஸ் ஸ்கிராபிள் வேர்ட்ஸ் பக்கம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலும் வட அமெரிக்க ஸ்கிராபிள் ஆட்டக்காரர் சங்கமான நாஸ்பாவின் வேர்ட் லிஸ்ட். முன்னதில் சுமார் 280,000 சொற்கள், பின்னதில் சுமார் 196,000.

இந்த எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். கூடுதலாக இருக்கும் சொற்களில் பெரும்பகுதி நீளமானவை. ஓர் ஆட்டத்தில் ஒன்றிரண்டு வந்தாலே பெரிது. ஆட்டத்தின் போக்கை மாற்றுபவை குட்டிச் சொற்கள்தான். கொலின்ஸில் இரண்டெழுத்துச் சொற்கள் 127, நாஸ்பாவில் 107. இருபதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த இருபது எங்கே விழுகின்றன என்று பாருங்கள். நாஸ்பாவில் ‘சி’ (C) என்ற எழுத்து வரும் இரண்டெழுத்துச் சொல்லே கிடையாது, ‘வி’க்கும் (V) கிடையாது. இவற்றை ஒட்டி எந்த எழுத்தை வைத்தாலும் இரண்டெழுத்துச் சொல் அமையாது என்பதால், பலகையில் இந்த இரண்டில் ஒன்றை வைத்துப் பக்கத்து வரிசையை அடைத்துவிடலாம். கொலின்ஸில் ‘சிஎச்’ (CH) செல்லும் என்பதால் ‘சி’யை வைத்து அப்படி முழுதாக அடைக்க முடியாது. ‘இசட்’டுக்கு (Z) நாஸ்பாவில் ‘இசட்ஏ’ (ZA) மட்டும். கொலின்ஸில் அதோடு ‘இசட்இ’ (ZE), ‘இசட்ஓ’ (ZO) இரண்டும் உண்டு. பத்துப் புள்ளி டைல் ஒன்றை, ஏற்கெனவே உள்ள சொல்லை ஒட்டிய இணைவரிசையில் இறக்க கொலின்ஸில் மூன்று வழி, நாஸ்பாவில் ஒரே வழி.

அதனால் கொலின்ஸ் ஆட்டத்தில் பலகை திறந்தே இருக்கும், ஏழு டைல்களையும் ஒரே முறையில் வைத்து 50 புள்ளி போனஸ் வாங்க இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் ஆட்டக்காரர் தோ வெய்பின் 2012இல் பெல்ஃபாஸ்டில் ஒரே ஆட்டத்தில் 850 புள்ளி எடுத்து கின்னஸ் சாதனை படைத்தது கொலின்ஸ் பட்டியலில்தான். திறமை அவருடையது, அந்தத் திறமை ஓடித் திரிய இடம் கொடுத்ததில் பட்டியலுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

நாஸ்பாவின் பலம் வேறு இடத்தில். அங்கே எதிராளியின் சொல்லை நீங்கள் சேலஞ்ச் செய்து, அதாவது அது செல்லாது என்று எதிர்த்து, அது சரியான சொல்லாக இருந்துவிட்டால் உங்கள் முறையே போய்விடும். ஆகவே துணிந்து பொய்ச்சொல் வைப்பதும், முகத்தைப் படிப்பதும் அங்கே ஒரு கலை. வெஸ்பா எனப்படும் உலக அமைப்பின் விதிப்படி ஆடும் கொலின்ஸ் போட்டிகளில் தவறாகச் சேலஞ்ச் செய்யும் ஒவ்வொரு சொல்லுக்கும் 5 புள்ளிதான் நஷ்டம். பட்டியல் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது சந்தேகம் அடிக்கடி வரும். அதற்கெல்லாம் முறையைப் பறித்தால் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். இந்த விதி எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஒரு விஷயத்தில் இரு தரப்பும் ஒரே திசையில் நடந்தன. இனத்தையும் மதத்தையும் இழிவுபடுத்தும் சொற்களை நாஸ்பா 2020இல் நீக்கியது. மறு ஆண்டு கொலின்ஸ் பட்டியலிலிருந்தும் சுமார் 400 சொற்கள் போயின. பலகையில் சொல்லுக்குப் பொருள் இல்லை, புள்ளி மட்டும்தான் என்று வாதாடிய மூத்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. பல இனத்துப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்காரும் ஊர் இது. பக்கத்தில் இருப்பவனின் இனத்தை ஏசும் சொல்லுக்கு 30 புள்ளி எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு சிறுமிக்குக் கற்றுக்கொடுக்க என்னால் முடியாது.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பாக்கள் வாங்கி வரும் மெரியம் வெப்ஸ்டர் ஸ்கிராபிள் அகராதி வீட்டு ஆட்டத்துக்கு மட்டும் சரி. அது நாஸ்பா பட்டியலின் முழு வடிவம் அல்ல.

சரி, எதை எடுப்பது? சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்குக் கொலின்ஸ்தான், தயக்கமே வேண்டாம். இங்குள்ள போட்டிகளும் உலகப் போட்டியும் அதில்தான் நடக்கின்றன. டொராண்டோவில் இருக்கும் அத்தை மகனோடு இணையத்தில் ஆட நாஸ்பா வேண்டியிருந்தால் அதைப் பிறகு பழகிக்கொள்ளலாம். மலேசியாவில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ் உலகப் பட்டத்தையும் வட அமெரிக்கப் பட்டத்தையும் பலமுறை வென்றவர். அவரால் இரண்டு பட்டியலையும் ஒரே தலையில் பிரித்து வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் பத்து வயதில் இரண்டையும் கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். இணையத்தில் ஸ்கிராபிள் போன்று ஆடும் வூகிள்ஸ் தளத்தில் ஆட்டம் தொடங்கும் முன்பே பட்டியலைத் தேர்ந்தெடுக்கலாம். பிள்ளை எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். அப்புறம் அந்த 127 சொற்களையும் ஒரு தாளில் எழுதி, படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். மூன்றெழுத்துச் சொற்கள் அதற்குப் பிறகு.